ஓஸ் முத்தாந்தெஸ் (1968): இந்த இசைத்தட்டு யாருடைய கைவண்ணம்?

நள்ளிரவு வானொலி எழுதியது:

பிரேசிலின் ஓஸ் முத்தாந்தெஸ் குழு 1968 ஜூன் மாதத்தில் பாலிடோர் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ரீட்டா லீ, சகோதரர்களான அர்னால்டோ பப்தீஸ்தா, செர்ஜியோ தியாஸ் என்ற சாவோ பாவுலோ நகரத்துப் பிள்ளைகள் மூவர் சேர்ந்து நிகழ்த்திய அற்புதம் என்று சொல்லி எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின்மீது நெடுநாளாக ஐயம் இருக்கிறது. ஆல்பம் அற்புதமானது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. அது அந்த மூவருடையதுதானா என்பதே என் கேள்வி.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஆல்பத்தில் 11 பாடல்கள் உள்ளன. அவற்றில் குழுவினர் தாங்களே முழுமையாக எழுதியவை 'ஓ ரெலோஜியோ', 'சென்யோர் எஃப்', 'ஆவே ஜெங்கிஸ் கான்' ஆகிய மூன்று மட்டுமே. 'த்ரெம் ஃபந்தாஸ்மா' பாடலைப் பாஹியா மாநிலத்துப் பாடகரும் பாடலாசிரியருமான கயெத்தானோ வெலோசோவுடன் பகிர்ந்து எழுதினார்கள். 'பானிஸ் எத் சிர்சென்சிஸ்', 'பாத் மக்கும்பா' இரண்டும் கயெத்தானோவும் அதே மாநிலத்தவரான ஜில்பெர்த்தோ ஜிலும் சேர்ந்து எழுதியவை. 'பேபி' கயெத்தானோவுடையது. 'ஆ மின்யா மெனீனா' பாடகர் ஜோர்ஜி பென் கொடுத்தது. 'ஆதேவுஸ் மரியா ஃபுலோ' வடகிழக்குப் பிரேசிலின் பழைய மெட்டு. உம்பெர்த்தோ தெய்ஷெய்ராவும் சிவூக்காவும் எழுதியது. மீதமுள்ள இரண்டில் ஒன்று பிரெஞ்சுப் பாடகி ஃபிரான்சுவாஸ் ஹார்டி பாடிப் புகழ்பெற்ற பாடல். இன்னொன்று அமெரிக்காவின் மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் பாடலைப் போர்த்துக்கீசியத்தில் மாற்றியது.

பாடல்கள் பெரும்பாலும் பிறருடையவை என்றால், ஒலி யாருடையது? இங்கேதான் இசைக்கோப்பாளர் ரோஜேரியோ துப்ரா வருகிறார். 1932இல் பிறந்த அவர் செல்லோ வாசிப்பவர். 1962இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கோடைக்கால வகுப்புகளுக்குச் சென்று, ஸ்டாக்ஹவுசன், பூலேஸ் போன்றோரின் புதிய இசைச் சிந்தனையை நேரில் அறிந்தவர். அடுத்த ஆண்டே சாவோ பாவுலோவின் 'புதிய இசை' அறிக்கையில் கையெழுத்திட்டவர். ஆல்பத்தின் முதல் பாடலான 'பானிஸ் எத் சிர்சென்சிஸ்' பாதிக்கு மேல் போனதும் நாடாவின் வேகம் குறைந்து, மின்சாரம் போன இசைத்தட்டுக் கருவியைப் போலக் குரல்கள் இழுபட்டு நின்றுவிடுகின்றன. கேட்பவர் கருவியைப் பழுதுபார்க்க எழுந்திருக்கும் நேரத்தில் பாடல் மீண்டும் தொடங்குகிறது. இறுதியில் பாட்டே மறைந்து, ஒரு குடும்பம் உணவு மேசையில் பேசிக்கொண்டே சாப்பிடும் சத்தமும், பின்னணியில் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசையும் கேட்கின்றன. இருபது வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுத்தனம் இதைச் செய்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மூவரில் மூத்தவரான ரீட்டா லீக்கே அப்போது 20 வயதுதான்.

ஆகவே இதைத் துப்ராவின் ஆல்பம் என்றுதான் நான் சொல்வேன். பாஹியாவிலிருந்து வந்த கவிஞர்கள் சொல் கொடுத்தார்கள், மூன்று இளைஞர்கள் முகமும் குரலும் கொடுத்தார்கள், சிந்தனை துப்ராவிடமிருந்து வந்தது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

செப்புச்சுருள் எழுதியது:

நண்பரே, பாடலை எழுதியவர் பெயரையும் இசைக்கோப்பாளர் பெயரையும் வைத்துக்கொண்டு ஓர் ஒலிப்பதிவின் உரிமையைப் பங்கிடுவது, பத்திரத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் குடியிருப்பவர் யாரென்று சொல்வதைப் போன்றது. ஒலிப்பதிவு என்பது காதில் விழுவது. 'ஆ மின்யா மெனீனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜி பென் தாமே வந்து கிதார் வாசித்துக் குரலும் கொடுத்திருக்கிறார். அவருடைய சாம்பா நடை பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்ட யாரையும் அதன் அடையாளம் எதுவென்று கேட்டுப்பாருங்கள். செர்ஜியோ தியாஸின் ஃபஸ் கிதார், அதாவது ஒலியைச் சிதைத்துக் கரகரக்கவைத்த மின்கிதார், தேனீக்கூட்டைத் தட்டிவிட்டதுபோல் இரைந்துகொண்டு வருகிறதே, அதைத்தான் சொல்வார்கள். அந்த இரைச்சலை எந்தத் துப்ராவும் தாளில் குறித்துக்கொடுக்கவில்லை.

அந்த ஒலிக்குப் பின்னால் நான்காவது ஆள் ஒருவர் இருக்கிறார். அர்னால்டோ, செர்ஜியோ இருவருக்கும் மூத்த அண்ணன் கிளாவ்தியோ செசார். மேடையில் ஏறாத அவர், வீட்டிலேயே கிதார்களையும் ஒலிபெருக்கிகளையும் ஃபஸ் பெடல்களையும் செய்தார். வெளிநாட்டுக் கருவிகள் எளிதில் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாத நாட்டில், கருவியைத் தானே செய்துகொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடையில் வாங்கிய பெடலில் எல்லோருடைய ஒலியும் ஒன்றுபோல் இருக்கும். அண்ணன் செய்துகொடுத்த பெடலின் ஒலி உலகத்தில் தம்பிக்கு மட்டுமே உரியது. பின்னாளில் தம்பிக்காக அவர் செய்த 'தங்கக் கிதார்' பெரும்புகழ் பெற்றது. உலோகப் பாகங்களுக்குத் தங்கமுலாம் பூசியதோடு, அந்தக் கருவியின் முழுமையைக் கெடுப்பவனைத் தீய சக்திகள் துரத்தட்டும் என்று ஒரு சாபத்தையும் அதில் பொறித்துவைத்தார். தன் வேலையின்மீது அவ்வளவு கர்வம் கொண்ட ஒருவர் இருந்த வீட்டில், ஒலிக்கான சிந்தனை வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பிரெஞ்சுப் பாடலில், ரீட்டா லீயின் மென்மையான குரலுக்குப் பின்னால், ஹை-ஹாட் தாளத்தட்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் 'புஸ்... புஸ்...' என்று ஒரு காற்றொலி கேட்கும். அது பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்ப். நம் வீடுகளில் மூட்டைப்பூச்சிக்கு அடிக்க வைத்திருந்தார்களே, அந்தத் தகரப் பம்ப்தான். ஹார்டியின் 1963ஆம் ஆண்டுப் பதிவு காலைநேரக் காதலின் ஏக்கத்தை மட்டும் சொல்லும். இவர்கள் ஏக்கத்தைக் குலைக்காமலேயே அதற்குள் மருந்துப் பம்பை வைத்துவிட்டார்கள். குரலில் துளிக் கேலியும் இல்லை. பாடகி உண்மையாகவே பாடுகிறார், பம்ப் உண்மையாகவே தாளம் போடுகிறது. உருக்கமும் குறும்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும் இந்தச் சமநிலை எல்லா இசைக்குழுக்களுக்கும் கைவருவதில்லை.

மூன்றாம் வரிசை எழுதியது:

இருவரும் ஒலிப்பதிவுக் கூடத்தைவிட்டு வெளியே வராமல் விவாதிக்கிறீர்கள். அந்த ஆண்டில் பிரேசிலில் மின்கிதாரைக் கையில் எடுப்பது வெறும் இசைத்தேர்வாக இருக்கவில்லை; அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு அமெரிக்காவின் ஆசி இருந்தது என்பதால், இடதுசாரி மாணவர்களுக்கும் கலைஞர்களுக்கும் அமெரிக்க ராக் இசையும் அதன் அடையாளமான மின்கிதாரும் எதிரியின் சரக்காகவே தோன்றின. நாட்டுப்பற்றுள்ள இசை என்றால் மரக்கிதார், சாம்பா, வடகிழக்கின் நாட்டார் மெட்டு என்று ஓர் எழுதாத சட்டம் நிலவியது. 1967 ஜூலை 17 அன்று சாவோ பாவுலோவில் மின்கிதாருக்கு எதிராக ஓர் ஊர்வலமே நடந்தது. எலிஸ் ரெஜினா போன்ற பெரும் பாடகர்கள் முன்வரிசையில் நடந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜில்பெர்த்தோ ஜிலும் அந்த ஊர்வலத்தில் நடந்தார். கயெத்தானோவோ, போஸா நோவா என்ற மென்மையான பிரேசில் இசைவகையின் செல்லப்பிள்ளையான நாரா லியாவோவுடன் ஒரு விடுதிச் சன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது பாசிச ஊர்வலம்போல் இருக்கிறது என்று நாரா சொன்னதாகக் கயெத்தானோ பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மூன்றே மாதங்கள் கழித்து, அக்டோபரில், ரெக்கார்ட் தொலைக்காட்சியின் மூன்றாவது பாடல் விழாவில் அதே ஜில் மேடையேறினார். பாடல் 'தொமிங்கோ நோ பார்க்கி': பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கொலையின் கதை. கப்போயெய்ரா ஆட்டத்துக்குரிய பெரிம்பாவ் வில்லிசைக் கருவி ஒரு பக்கம், துப்ரா எழுதிய வாத்தியக்குழு இசை ஒரு பக்கம், இவற்றோடு மின்கிதார்களை ஏந்திய முத்தாந்தெஸ் மூவரும் நின்றார்கள். பாடலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதே விழாவில் கயெத்தானோ, அர்ஜென்டினாக்காரர்களான பீட் பாய்ஸ் என்ற ராக் குழுவோடு பாடி நான்காம் பரிசு பெற்றார். நாட்டு மெட்டையும் ராக் இசையையும் துணிந்து கலந்த த்ரோப்பிகாலியா இயக்கம் அந்த மேடையில்தான் வெளிப்படையாகப் பிறந்தது என்று பலர் சொல்வார்கள்.

அப்படியானால், இந்த ஆல்பம் யாருடையது என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. ஆளும் அரசை மட்டுமின்றித் தம் பக்கத்து நண்பர்களையும் சீண்டத் துணிந்த ஒரு வட்டத்தினுடைய ஆல்பம் இது. 'பானிஸ் எத் சிர்சென்சிஸ்' பாடலில் பாடுபவர் வெயில் பூசிய பாட்டைப் பாடுகிறார், முற்றங்களில் புலிகளையும் சிங்கங்களையும் அவிழ்த்துவிடுகிறார், நகரத்தின் பெருந்தெருவில் கொலையும் செய்கிறார். சாப்பாட்டு அறையில் இருப்பவர்களோ பிறப்பதிலும் இறப்பதிலும் மும்முரமாக இருக்கிறார்கள். இதைச் சர்வாதிகாரத்தைக் கண்டுகொள்ளாத நடுத்தர வர்க்கத்தின்மீது வைத்த குத்து என்று படிப்பது எளிது. மின்கிதாரைக் கண்டு பதறிய முற்போக்காளர்களும் அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு.

துப்ராவின் பின்னணியில் நள்ளிரவு வானொலி குறிப்பிடாத ஒரு பகுதியும் இருக்கிறது. பிரசிலியா பல்கலைக்கழகத்தில் இராணுவ ஆட்சி தலையிட்டதை எதிர்த்து 1965இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலையைத் துறந்தார்கள். துப்ரா அவர்களில் ஒருவர். அவர் கல்விக்கூடத்தை விட்டு விளம்பரத்துக்கும் வெகுசன இசைக்கும் வந்ததற்கு அழகியல் மட்டும் காரணமில்லை.

தாளக்கட்டு எழுதியது:

உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள், மூன்றாம் வரிசை. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். இந்த மூவரைச் சுற்றி அரசியல் ஒளிவட்டம் வரைவதில் எனக்குச் சம்மதமில்லை. 1968 டிசம்பர் 13 அன்று ஐந்தாம் நிறுவனச் சட்டம் வந்து, நாடாளுமன்றம் மூடப்பட்டு, தணிக்கை இறுகியபோது, இரு வாரங்களில் கைதானவர்கள் கயெத்தானோவும் ஜிலும்தான். சிறையும் வீட்டுக்காவலும் கழிந்து 1969இல் இலண்டனுக்கு நாடுகடந்து சென்றவர்களும் அவர்களே. முத்தாந்தெஸ் குழுவோ, 1969 ஜனவரியில் பிரான்சின் கான் நகரத்தில் நடந்த இசைத்துறைச் சந்தையில் வாசித்துக்கொண்டிருந்தது. ஷெல் பெட்ரோல் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக ஒரு பாட்டு எழுதி, அதை இரண்டாவது ஆல்பத்திலும் சேர்த்தார்கள். இவற்றைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் வேடிக்கைப் பிரியர்கள், நல்ல இசைக்கலைஞர்கள். புரட்சியாளர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தை முழுமையாகக் கேட்டவர்கள் நேர்மையாக ஒப்புக்கொள்வார்கள்: இரண்டாம் பக்கத்தின் பின்பகுதி தளர்ந்துபோகிறது. 'தெம்போ நோ தெம்போ' இரண்டு நிமிடத்துக்குள் முடியும் குரல்விளையாட்டு. மூலப்பாடலைவிடப் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. 'ஆவே ஜெங்கிஸ் கான்' ஆர்கனும் பின்னோக்கி ஓடும் குரல்களுமாக, அந்த ஆண்டில் இலண்டனின் எந்தக் கூடத்திலும் கேட்டிருக்கக்கூடிய சோதனைதான். பீட்டில்ஸின் நிழல் 'சென்யோர் எஃப்' பாடலின் ட்ரம்பெட்டுகள்மீது அப்பட்டமாக விழுந்திருக்கிறது. 1969இல் வந்த இரண்டாவது ஆல்பமே என் கணக்கில் மேலானது. அதில் ரீட்டா லீயும் தோம் ஜெயும் எழுதிய 'தோயிஸ் மில் எ ஊம்' என்ற பாடல், சாவோ பாவுலோ மாநிலத்து நாட்டுப்புறத்தான் மூக்கால் பாடும் மெட்டில் விண்வெளி யுகத்தைப் பாடுகிறது. முதல் ஆல்பத்தில் அதற்கு ஈடான துணிச்சல் எனக்குக் கேட்கவில்லை.

செப்புச்சுருள் எழுதியது:

'சென்யோர் எஃப்' பற்றிய தீர்ப்பு சற்று அவசரமானது. ட்ரம்பெட்டுகள் பீட்டில்ஸ் சாயலில் இருப்பது உண்மை; ஆனால் பாட்டின் பொருளைப் பாருங்கள். திருவாளர் எஃப் என்பவர் திருவாளர் எக்ஸ் ஆக ஏங்குகிறார். ஆனால் மறுபடியும் எஃப் ஆகத் திரும்ப முடியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். முதலாளியை ஓர் உதை விடு என்று பாட்டு அவருக்கு யோசனை சொல்கிறது. கயெத்தானோவின் விழாப்பாடலில் கைக்குட்டையும் அடையாள அட்டையும் இல்லாமல் தெருவில் கவலையற்று நடக்கும் இளைஞன் வருவான்; இந்தப் பாட்டில் அவற்றை மறந்துவிடுவோமோ என்ற பயமே மனிதனைக் கட்டிப்போடுகிறது. தங்கள் இயக்கத்தின் கீதம் போன்ற ஒரு பாடலை, அது வெளிவந்த மறு ஆண்டிலேயே இவர்கள் கிள்ளிப் பார்த்திருக்கிறார்கள்.

'பாத் மக்கும்பா'வையும் யாரும் தொடவில்லை. சாவோ பாவுலோவின் உருவக்கவிதைக்காரர்களான அவுகுஸ்தோ தெ காம்போஸ் முதலியோர் த்ரோப்பிகாலியா இயக்கத்தோடு நெருங்கிப் பழகியவர்கள். அவர்களுடைய முறையிலேயே இந்தப் பாட்டு கட்டப்பட்டுள்ளது. ஒரே வரி, ஒவ்வொரு முறையும் இறுதியில் ஓர் அசையை இழந்து தேய்ந்து, ஓரசையாகச் சுருங்கி, பிறகு ஒவ்வோர் அசையாக வளர்ந்து பழைய நீளத்தை எட்டுகிறது. தாளில் அச்சிட்டால் வௌவால் சிறகு விரித்ததுபோல் தெரியும். பேட்மேன், ஆப்பிரிக்க வழிவந்த பிரேசில் வழிபாடான மக்கும்பா, யே-யே-யே என்று பிரேசிலில் அழைத்த ராக் இசை ஆகியவை அந்த ஒற்றை வரிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. காகிதத்தில் இது மூளைக்கான விளையாட்டு. முத்தாந்தெஸ் பதிவில் இது ஆட்டத்துக்கான பாட்டு. தாளக்கருவிகளின் வழிபாட்டு நடைக்குமேல் செர்ஜியோவின் கிதார் அலறிக்கொண்டு வட்டமிடுகிறது. அசை குறைவதையும் கூடுவதையும் எண்ணிக்கொண்டிருக்க நமக்கு நேரமே தருவதில்லை.

நள்ளிரவு வானொலி எழுதியது:

பதில்களுக்கு நன்றி. என் வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருப்பதை இப்போது சொல்கிறேன். முடிவு எனக்கு முழுக்கச் சாதகமாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே 1968இல், முத்தாந்தெஸ் ஆல்பத்துக்கு அடுத்த மாதம், இயக்கத்தின் கூட்டு ஆல்பம் வெளிவந்தது. கயெத்தானோ, ஜில், கால் கோஸ்தா, தோம் ஜெ, நாரா லியாவோ ஆகியோருடன் முத்தாந்தெஸ் குழுவும் அதில் உண்டு. இரண்டு ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர் மனோயெல் பாரென்பெய்ன். இரண்டுக்கும் இசைக்கோப்பு துப்ரா. கூட்டு ஆல்பத்தின் அட்டைப்படத்தில் கலைஞர்கள் பழைய குடும்பப் புகைப்படம்போல் நின்றும் அமர்ந்தும் இருக்க, துப்ரா ஒரு மூத்திரச் சட்டியைத் தேநீர்க் கோப்பையைப்போல் பிடித்துக்கொண்டிருப்பார். 'பேபி' பாடல் இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. கூட்டு ஆல்பத்தில் பாடுபவர் கால் கோஸ்தா. பாட்டும் ஒன்று, காலமும் ஒன்று, இசைக்கோப்பாளரும் ஒருவர். வித்தியாசம் எங்கே கேட்கிறதோ அங்கே பாடகரும் குழுவும் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

கால் கோஸ்தாவின் பதிவில் வயலின்கள் அலையலையாக வருகின்றன. குரல் போஸா நோவாவின் அடக்கத்தோடு, காதோரம் பேசுவதுபோல் ஒலிக்கிறது. முடிவில் கயெத்தானோ பின்னணியில் பால் ஆன்காவின் பழைய காதல்பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறார். நீச்சல்குளம், மார்கரின், பெட்ரோல், ஐஸ்கிரீம், சட்டையில் எழுதிய ஆங்கிலக் காதல்வரி என்று நுகர்பொருள்களின் பட்டியலாக ஓடும் பாட்டு, அந்தக் குரலில் உண்மையான காதல்பாட்டாகிவிடுகிறது. அந்தச் சட்டை வரியைச் சேர்க்கச் சொன்னவர் கயெத்தானோவின் தங்கை மரியா பெத்தானியா. முத்தாந்தெஸ் பதிவில் ஃபஸ் கிதார் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகிறது. பாடுபவர் கெஞ்ச, கிதார் சிணுங்குகிறது. அதே பட்டியல் இப்போது கடைவீதியின் விளம்பரப் பலகைகளைப்போல் பளபளக்கிறது. இந்த வேறுபாட்டை என்னால் துப்ராவின் கணக்கில் எழுத முடியவில்லை. அதே சமயம், 'த்ரெம் ஃபந்தாஸ்மா'வில் பேய் ரயிலுக்குச் சீட்டெடுத்து ஏறும் காதலர்களைச் சுற்றி வாத்தியங்கள் எழுவதையும், முதல் பாடலின் கட்டுமானத்தையும் கேட்கும்போது, அங்கே ஆளுவது துப்ராதான் என்ற என் நிலையும் மாறவில்லை.

தாளக்கட்டு அவர்களுக்கு: இரண்டாம் பக்கம் தளர்கிறது என்பதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 'ஓ ரெலோஜியோ'வைத் தவிர்த்துவிட்டீர்கள். ஓடாமல் நின்றுபோன கடிகாரத்தைப் பற்றி ரீட்டா லீ மெல்லப் பாடிக்கொண்டிருக்க, நடுவில் திடீரென்று எல்லாக் கருவிகளும் வெடித்துக் கிளம்பி, வந்த வேகத்திலேயே அடங்கி, பாட்டு விட்ட இடத்தில் தொடர்கிறது. அது அவர்கள் தாங்களே எழுதியது. இரண்டாவது ஆல்பத்தின் துணிச்சலுக்கு முன்னோட்டம் அதில் இருக்கிறது.

பின்கட்டு எழுதியது:

நான் புதிதாக ஒரு வாதியைச் சேர்க்க விரும்புகிறேன்: ஒரு வீடு. சாவோ பாவுலோவின் பொம்பேயா வட்டாரத்தில் இருந்த பப்தீஸ்தா குடும்பத்து வீட்டைச் சொல்கிறேன். தாய் கிளாரிஸ் லெய்த்தே கச்சேரி மேடைகளில் வாசித்த பியானோ கலைஞர், இசையமைப்பாளரும்கூட. தந்தை செசார் கவிதையிலும் பாட்டிலும் ஈடுபாடுள்ளவர். அரசியல்வாதி ஒருவருக்குச் செயலாளராக இருந்தவர். மூத்த மகன் கருவிகள் செய்ததைச் செப்புச்சுருள் விளக்கிவிட்டார். ஆல்பத்தில் 'சென்யோர் எஃப்' பாடலுக்குப் பியானோ வாசித்தவர் அந்தத் தாய். 'ஆவே ஜெங்கிஸ் கான்' பாடலில் ஒலிக்கும் குரல்களில் ஒன்று அந்தத் தந்தையுடையது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எல்லோரும் சாப்பாட்டு அறைப் பாடலைத் தொலைவில் இருக்கும் யாரோ ஒரு வர்க்கத்தின்மீது எறிந்த கல்லாகவே பேசுகிறீர்கள். எழுதியவர்கள் பாஹியாக்காரர்கள், அவர்களுக்கு அது அப்படி இருந்திருக்கலாம். பாடியவர்களோ அத்தகைய ஒரு மேசையில் தினமும் சாப்பிட்டு வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். ரீட்டா லீயின் தந்தையும் பல்மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களிலிருந்து பிரேசிலுக்குக் குடியேறியவர்களின் வழிவந்தவர். முதலாளியை உதைக்கச் சொல்லும் பாட்டுக்கு அம்மா பியானோ வாசிக்கிறார்! உலகின் வேறெந்த ராக் குழுவிடமும் அந்த ஆண்டில் இப்படி ஒரு காட்சியை எதிர்பார்க்க முடியாது. தலைமுறைகளுக்கிடையே போர் என்பதுதான் அன்றைய ராக் இசையின் வழக்கமான கதை. இங்கே போரும் இல்லை, சமாதானமும் இல்லை. பெற்றோரைக் கேலியின் உள்ளேயே அழைத்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

அவர்களைத் துணிச்சலற்றவர்கள் என்று தாளக்கட்டு நினைக்கக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1968 செப்டம்பரில், சாவோ பாவுலோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தூக்கா அரங்கில் கயெத்தானோ ஒரு விழாப்பாடலைப் பாட, முத்தாந்தெஸ் பின்னணி வாசித்தது. இடதுசாரி மாணவர்கள் கூச்சலிட்டு, கையில் கிடைத்ததை எல்லாம் வீசி, இறுதியில் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். முத்தாந்தெஸ் குழுவினரும் வாசிப்பதை நிறுத்தாமல், அரங்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வாசித்தார்கள். கயெத்தானோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மாணவர்களை நோக்கி ஆற்றிய ஆவேசப் பேச்சு வரலாறாகிவிட்டது. ஆனால் அந்த மூவர் செய்த அசைவற்ற நையாண்டி எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

தாளக்கட்டு எழுதியது:

துணிச்சலை நான் மறுக்கவில்லை, பின்கட்டு; அது அரசியல் துணிச்சலா, மேடைத் துணிச்சலா என்பதில்தான் வேறுபடுகிறேன். முதுகைத் திருப்பியது அருமையான மேடைக்கலை. அவர்களுடைய பலம் முழுவதும் அதில்தான் இருந்தது என்பதே என் கட்சி. துப்ராவும் பாஹியாக்காரர்களும் விலகிய பிறகு நடந்ததைப் பாருங்கள். 1972இல் ரீட்டா லீ வெளியேறினார்; நகைச்சுவையும் அவரோடு போய்விட்டது. பிறகு நீண்ட ஆர்கன் தனியாவர்த்தனங்களும் கடினமான தாளக்கணக்குகளுமாகக் குழு ஆங்கில 'புரோகிரசிவ்' ராக் பக்கம் சாய்ந்தது. 1973இல் பதிவு செய்த 'ஓ ஆ எ ஓ ஜெ' ஆல்பத்தை நிறுவனம் வெளியிடவே மறுத்து, 1992இல்தான் அது கடைக்கு வந்தது. தொழில்திறன் கூடக்கூட இசை சாதாரணமாகிக்கொண்டே போனது. எனவே, நள்ளிரவு வானொலியின் கேள்விக்கு என் விடை: இந்த ஆல்பம் ரீட்டா லீயுடையது. எழுத்துக்கணக்கில் அவர் பங்கு சிறியதாகத் தெரியலாம். ஆனால் அவர் இருந்தவரை குழு தன்னைப் பார்த்துத் தானே சிரித்தது. அவர் போன பிறகு சிரிக்கவில்லை. 2023 மே மாதத்தில் அவர் மறைந்தபோது பிரேசில் அவரை ராக் இசையின் அரசியாகத்தான் வழியனுப்பியது.

மூன்றாம் வரிசை எழுதியது:

வெளிநாட்டு வரவேற்பைப் பற்றியும் சுருக்கமாகப் பதிவு செய்துவிடலாம். 1993இல் பிரேசிலுக்கு வந்த நிர்வானா குழுவின் கர்ட் கோபேன், முத்தாந்தெஸ் மீண்டும் இணைய வேண்டும் என்று விரும்பி அர்னால்டோவுக்குக் கடிதம் எழுதினார். 1999இல் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 2006இல் இலண்டன் பார்பிக்கன் அரங்கில் சகோதரர்கள் இருவரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். ரீட்டா லீயின் இடத்தில் செலியா துங்கன் பாடினார். இவை எல்லாம் மகிழ்ச்சியே. எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான்: ஆங்கில இதழ்கள் இந்த ஆல்பத்தைத் 'தொலைந்துபோன புதையல்' என்று எழுதும்போது, யாருக்குத் தொலைந்துபோனது என்று அவர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. பிரேசிலில் ரீட்டா லீயின் குரலை அறியாத வீடு இருந்ததில்லை. 2007இல் ரோலிங் ஸ்டோன் இதழின் பிரேசில் பதிப்பு வெளியிட்ட நூறு ஆல்பங்களின் பட்டியலில் இது ஒன்பதாம் இடத்தில் இருந்தது.

நள்ளிரவு வானொலி எழுதியது:

துப்ரா, ஓர் அண்ணன், ஒரு வட்டம், ஒரு வீடு, ரீட்டா லீ என்று ஐந்து உரிமையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் துப்ராவின் பங்கைச் சற்றுக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்; விட்டுக்கொடுக்க அல்ல. பிற்காலத்தில் செவித்திறனை இழந்து இசைப்பணியிலிருந்து ஒதுங்கி 2006இல் மறைந்த அந்த மனிதருக்கு, மேடையில் நின்றவர்களுக்குக் கிடைத்த புகழில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பதால் அவர் பக்கம் பேச ஒருவராவது வேண்டும்.

புதிதாகக் கேட்க விரும்புவோர்க்கு: முதலில் கால் கோஸ்தாவின் 'பேபி'யைக் கேளுங்கள், உடனே முத்தாந்தெஸ் பதிவைக் கேளுங்கள். பிறகு ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசை மாற்றாமல், இயர்போனில் கேளுங்கள். தாளக்கட்டு குறைசொன்ன இறுதிப் பாடல்களில் செசார் பப்தீஸ்தாவின் குரல் எது என்று கண்டுபிடிக்க முடிந்தவர்கள், அது வரும் இடத்தை இந்த இழையிலேயே எழுதுங்கள். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.